பிறகு பார்க்கலாம்

பிராண்டனில் எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.
ஹொக்கிப் பிள்ளைகள் கீறிவிட்டுப் போகும் பனித்தளத்தை
சுடுதண்ணீர் விட்டு, இயந்திரம் ஓட்டி,
மறுபடி வெள்ளைத்தாள் ஆக்குவது என் வேலை.

அந்தத் தாளில்தான் முதலில் தெரிந்தது
ஒரு நூல்.
யாரோ எழுதத் தொடங்கிக் கைவிட்ட
ஞகரம் போல.
பொறுக்கக் குனிந்தேன், நூலும் குனிந்தது.
நேரே பார்த்தால் நழுவியது,
கடன் வாங்கிய சொந்தக்காரன் மாதிரி.

அது நாலு வருசத்துக்கு முன்.
கண்ணில் பூச்சி பறக்குது என்றேன்.
சாப்பிடாமல் போனியா என்றாள் தவமலர்.
கண் பார்த்த டொக்டர் ஒக்காஃபோர் சிரிக்கவில்லை.
கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதாகி இளகுகிறது,
அதன் நார் விழுத்தும் நிழல் இது,
பழகிவிடுவீர்கள் என்றார்.
"ஆனால் ஒருநாள் கூட்டமாக வந்தால்,
ஓரத்தில் மின்னினால், திரை விழுந்தால்,
அன்றைக்கே வாருங்கள். மறுநாள் அல்ல."
மைனஸ் எட்டுக் கண்ணாடி என்னுடையது.
அதனாலோ என்னவோ
இரண்டு தடவை சொன்னார்.

பழகித்தான் போனேன்.
ஞகரம் என்னோடு வேலைக்கு வந்தது,
என்னோடு வீடு திரும்பியது.

பெப்ரவரி. வெள்ளி இரவு.
இயந்திரத்தை வளைக்கும்போது
வலப்பக்கம் யாரோ படம் எடுத்தார்கள்.
திரும்பினேன். வெறும் கதிரைகள்.
கொட்டகைக்குள் விளக்கை அணைத்தேன்,
இருட்டிலும் எடுத்தார்கள்.
வெளியே வந்தால் தளம் முழுக்க மிளகு.
"டரில், ஆர் இதில மிளகுத்தூள் கொட்டினது?"
டரில் தளத்தைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.

வலி இல்லை.
அதுதான் ஏமாற்றியது.
போன வருசம் ஒரு கடைவாய்ப் பல்லுக்காக
பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டு ஓடினவன் நான்.
கண் ஒரு முனகலும் இல்லாமல் கிழிந்துகொண்டிருந்தது.

நாளைக்குப் பன்னிரண்டு அணிகள் வருகின்றன,
திங்கள் பார்க்கலாம் என்றது வாய்.
எதைத் தள்ளிப்போட்டாலும்
பார்க்கலாம் என்றுதான் சொல்கிறோம்.
வாடகையைப் பார்க்கலாம், வழக்கைப் பார்க்கலாம்,
கூரை ஒழுக்கைக் கோடையில் பார்க்கலாம்.
எதைக்கொண்டு?

கையுறையால் இடக்கண்ணை மூடினேன்.
வலக்கண்ணில், மூக்கோரம், கீழே
தளத்தின் ஒரு மூலை இல்லை.
கறுப்பாகக்கூட இல்லை. இல்லை, அவ்வளவுதான்.
நான் நின்று பார்க்கப் பார்க்க
அது ஒரு விரல்கடை ஏறியது.

திறப்பை டரில் பறித்துக்கொண்டான்.
ஆஸ்பத்திரியில் ஒரு பார்வை, ஒரு தொலைபேசி;
இன்றிரவே வின்னிபெக் போ என்றார்கள்.
இருநூறு கிலோமீற்றர்.
முன்விளக்கில் பனி பறந்தது,
பனிக்குள் என் மிளகு பறந்தது.
டயர் விலையே பேசிக்கொண்டிருப்பவன்
அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

சொட்டுமருந்து. விரிந்த கண்மணிக்குள்
ஊசி போல வெளிச்சம்.
மேலே கிழிந்திருக்கிறது என்றார் அந்தப் பெண்,
ஈரச் சுவரில் தாள் உரிவது போல விழித்திரை உரிகிறது,
நடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
"திங்கள் வந்திருந்தால்..."
அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை.

சனி காலை சத்திரசிகிச்சை.
கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழி வைத்தார்கள்,
கையில் பச்சைப் பட்டி கட்டினார்கள்:
குமிழி கரையும்வரை விமானம் ஏறக்கூடாது.
ரொறன்ரோவில் தங்கை மகளின் தாலிகட்டை
தவமலரின் கைபேசியில், ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
மற்றதில் குமிழி,
மட்டப்பலகையின் நீர் போல ஆடி ஆடி
ஒருநாள் கடுகாகி
ஒருநாள் இல்லாமல் போனது.

ஏப்ரலில் தளத்துக்குத் திரும்பினேன்.
நேர்க்கோடுகள் வலக்கண்ணில் கொஞ்சம் நெளிகின்றன.
ஞகரம் அங்கேயே இருந்தது,
நான் விட்டுவிட்டுப் போன இடத்தில்.

தனக்கும் ஒரு நூல் உண்டாம்,
ஆறு வருசமாக; டரில் இப்போதுதான் சொல்கிறான்.
வேலை தொடங்குமுன் பனியோரம் நின்று
ஒரு கண் மூடி, மறு கண் மூடிப் பார்க்கிறோம்,
பைத்தியங்கள் என்கிறார்கள் பிள்ளைகள்.
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை
பிழையான ழகரத்தோடு கேட்கிறான்:
"மிழகு?"
இல்லை என்கிறேன்.
இயந்திரத்தை இயக்குகிறேன்.