மே/பா

மின்னியாபோலிஸ், மார்ச். ஜன்னலில்லாத விடுதி அறை.
வெளியே பனி பெய்வதை
உள்ளே வருகிறவர்களின் காலணிகள்தாம் சொல்கின்றன.
நான் குறிப்பெடுப்பவன்.
யார் பேசினார் என்று எழுதுவது என் வேலை,
யார் சரி என்று அல்ல.

ஹில்க்கா ரவுத்தவூரி எழுந்தாள்,
கையில் வரைவின் பதினோராம் வடிவம்.
சங்கதி சின்னது.
ஒரு கருவி வீட்டை விட்டுக் கிளம்புகிறது.
ரயிலில், படகில், விமான நிலையத்தில்
அதற்கு ஒரு தற்காலிக மே/பா கிடைக்கிறது.
பழகியவர்களுக்கு ஒரு வரி போட்டால் போதும்:
"இடம் மாறிவிட்டேன். இனி இங்கே எழுது."

போதும் என்றுதான் இருந்தோம்
போன வருஷம் வரை.

பின்வரிசையில் டெல்பர்ட் க்ரோஸ்
தாடியைத் தடவியபடி கேட்டார்:
"அந்த வரியை நான் எழுதினால்?
உன் பேரில், உன் சிநேகிதனுக்கு.
உன் கடிதமெல்லாம் என் வாசலில்.
அல்லது ஊர்த் தபால் முழுக்க
ஏதோ ஓர் அப்பாவியின் வாசலில்,
கதவே திறக்க முடியாதபடி."

காபி இயந்திரம் மட்டும்
ஆட்சேபமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சாவி கொடுக்கலாம் என்றார்கள்,
எல்லோருக்கும் எல்லோரையும் அடையாளம் காட்டும் சாவி.
யார் கொடுப்பது? எந்த அலுவலகம்?
அந்த அலுவலகத்தை நம்பலாம் என்று
எந்த அலுவலகம் சொல்லும்?
ஜூலையில் வேறு ஊர், அதே கேள்வி.
நவம்பரில் வேறு ஊர், அதே கேள்வி, வேறு பிஸ்கட்.

இதற்குள் ஹில்க்கா இரண்டு கம்பெனி மாறிவிட்டாள்.
ஒவ்வொரு வடிவத்தின் கடைசிப் பக்கத்திலும்
அவள் விலாசம் வேறு.
எஸ்போ, தாம்பெரே, மறுபடி ஓலு.
அவள்தான் அவளா என்று
யாரும் சான்று கேட்கவில்லை.

பதினெட்டாம் வடிவத்தில் ரகசியத்தை இரண்டாய்க் கிழித்தாள்.
ஒரு பாதி பழைய வீட்டுக்கு,
மறு பாதி புது இடத்துக்கு.
இரண்டையும் ஒட்டிக் காட்டுகிறவன் அவனேதான்;
இல்லாவிட்டால் இரண்டு வாசலிலும்
ஒரே நேரத்தில் ஒளியத் தெரிந்த கள்ளன்.

"முழுப் பாதுகாப்பா?" என்றார் க்ரோஸ்.
"இல்லை. நகராமல் கிடந்தால் எவ்வளவு ஆபத்தோ
அவ்வளவுதான்."

தலைவர் முனகச் சொன்னார்.
அங்கே கை தூக்குவதில்லை,
வாயை மூடித் தொண்டையால் வாக்களிப்பார்கள்.
அறை வண்டுக்கூடாய் இரைந்தது.
எதிர்ப்பவர்கள்?
ஒரே ஒரு தொண்டை. யாருடையதென்று தெரியவில்லை.
எழுதினேன்: ஏறத்தாழ ஒப்புதல்.

அச்சேறி எண் கிடைப்பதற்குள்
தொலைபேசிக்காரர்கள் தங்கள் கோபுரங்களுக்குள்ளேயே
தனிவழி போட்டுக்கொண்டார்கள்.

ஒரு பிப்ரவரி மாலை ஹில்க்கா எழுதினாள்,
ஓலுவிலிருந்து கெமி போகும் ரயிலில்,
மடியில் கணினி:
"மூன்றாவது கோபுரம். இன்னும் அறுபடவில்லை.
சிமோ பாலம் வருகிறது."

பதில் எழுதப் போன கை நின்றது.
அவள்தானா?
எந்த ஊர் பிஸ்கட்டில் உன் பல் சில்லு போனது
என்று கேட்டு அனுப்பினேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காடு போலும்.
இன்னும் பதில் இல்லை.