கீழே கிடக்கும் காற்று

பனிவண்டி ஓடுகிறது.
செத்தது வழிகாட்டும் கருவி மட்டும்,
மைனஸ் நாற்பதில்,
ஊலாயு அதை அரைமணி நேரம் அக்குளில் வைத்திருந்தும்.

மேலே வெள்ளை, கீழே வெள்ளை,
இரண்டையும் சேர்த்த தையல் எங்கே என்று தெரியவில்லை.
சூரியன் பாலில் போட்ட சர்க்கரை.
கையுறையை எறிந்து பார்த்தாள் ஊலாயு:
விழுந்ததா, மிதக்கிறதா
என்று சொல்ல முடியாத இடத்தில் அது நின்றது.

பின்னால் கட்டிய சறுக்கு வண்டியில்
பதினாறு மீன்,
ஒரு டின் மண்ணெண்ணெய்,
போர்வை சுற்றிய பிரிண்டர், பள்ளிக்கூடத்துக்கு.

நாத்தனாரும் அண்ணியும் பேசி மூன்று வாரம்.
பழைய படகு மோட்டார் ஒன்றை விற்ற காசு விஷயம்.
இப்போது பேசியாக வேண்டும்.

வடக்கு எது?
ஊலாயு ஒரு பக்கம் கை நீட்டினாள்.
ஆத்துவாட் வேறு பக்கம்.
அந்த இரண்டு கைகளுக்கு நடுவே
பத்து ஊர் தொலையும்.

"வரப்பைப் பார், எப்படிப் படுத்திருக்கிறது" என்றாள் ஊலாயு.
"அது விருந்தாளி போட்ட வரப்பு" என்றாள் ஆத்துவாட்.
"தென்கிழக்கிலிருந்து வந்தான், இரண்டு நாள் அடித்தான், போய்விட்டான்.
இங்கே குடியிருக்கிறவன் வேறு."

குடியிருக்கிறவன் பெயர் உவாங்னாக்.
மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையில் ஒரு சந்து,
அதிலிருந்து வருவான், குளிர்காலம் முழுக்க.
மேல்காற்றுக்குக் கோடை என்று பேர் வைத்த மொழியில்
இவனை நான் என்ன சொல்லிக் கூப்பிட?

ஆத்துவாட் குப்புறப் படுத்தாள்.
கத்தியால் புதுப்பனியைச் சீவினாள்.
ஒரு சாண் ஆழம், மாவு.
அப்புறம் கத்தி
ணங் என்றது.

கையுறையைக் கழற்றி
எட்டு எண்ணும்வரை தடவினாள்
(ஒன்பதில் விரல் விரலாக இருக்காது).
காரிபு நாக்கு மாதிரி ஒரு மேடு,
கல்லாக இறுகிக் கிடந்தது,
நுனி, தன்னைச் செய்த காற்றின் வீட்டைப் பார்த்தபடி.

"நீயும் தொட்டுப் பார்."
ஊலாயு தொட்டாள்.
குழிக்குள் இரண்டு கை.
நாலு, ஐந்து, ஆறு.
ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீடு வடக்கே, கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி.
அப்படியென்றால் நாக்கின் நுனி
இடது தோளுக்கு நேராக.

அதன்பிறகு ஓட்டியது இடுப்பு.
மேட்டைக் குறுக்கே கடக்கும்போதெல்லாம்
வண்டி தடக் என்றது.
தடக்.
தடக்.
சத்தம் நீண்டு வழுக்கினால்
கோணம் தப்பிவிட்டது என்று பொருள்;
நிறுத்தி, படுத்து, மறுபடி தோண்டு.
ஊலாயு கண்ணை மூடிக்கொண்டாள். அது வசதியாக இருந்தது.
திறந்தால் வெள்ளை வந்து ஏதேதோ சொல்கிறது.

ஐந்தாவது குழியில் ஆத்துவாட் தலையைத் தூக்கினாள்.
முகர்ந்தாள்.
ஊர் முதலில் மூக்குக்குத்தான் வந்தது:
குப்பைமேட்டில் எரியும் அட்டைப்பெட்டி,
கொஞ்சம் டயர்,
யாரோ கட்டிப்போட்ட நாய்களின் குரல் அதற்கும் பிறகு.

மீனைப் பாதிப் பாதி பிரித்தார்கள், எண்ணி.
பிரிண்டர் வேலை செய்கிறது.
மோட்டார் காசு
இன்னும் வரவில்லை.