காலிக் கட்டம்

ஹோனியாராவின் கீரை
ஐஸ் உருகிய பெட்டியில்
நௌசோரி விமான நிலையத்தில் இரண்டு நாள் கிடந்தது.
சுங்கத்தாருக்கு அது வெறும் இலை.
ஈரப்பதம் என்ற பத்தியில் இனி எதை எழுத?

இருந்தும் வாசேமதா உலர்த்தினாள், எரித்தாள்,
சாம்பலை நிறுத்தாள்.

டோங்காவில் அது பேலே,
இங்கே ம்பேலே,
சாலமனில் வழுக்குக் கீரை.
அட்டவணையில் மூன்று வரிசை, மூன்று இரும்பு.
ஒன்றாக்கிவிடலாமா என்று கேட்டு எழுதினாள்.
சியோசிஃபாவின் பதில் டோங்காவிலிருந்து:
"பெயரைச் சேர். எண்ணைச் சேர்க்காதே.
எங்கள் மண் வேறு."

கிரிபாட்டிக்கு நேரே
யாரோ எப்போதோ பூஜ்யம் போட்டிருந்தார்கள்,
அளக்காமலே.
அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான்
பள்ளிச் சோற்றுக்குக் கணக்குப் போட்டார்களாம்.

அழித்தாள்.

தராவா விமானம் வியாழக்கிழமை.
பெட்டியைக் கழுவி
வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.