ஆறு துண்டு முட்டை

இரவே ஊறப்போட்டிருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.
விடிந்ததும் வெந்நீர் ஊற்றிப்
பயறை ஏமாற்றப் பார்த்தேன்.

ஃபொலாஷாதேவுக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட்.
"மொய்மொய் வேணும்" என்று
மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.
இந்த வருடத்தில் அவர்கள்
ஒத்துப்போன முதல் விஷயம்.
அதற்காகவே சரி என்றேன்.

லாரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன்.
மொய்மொய்யைப்
பிரித்துத் தின்றதோடு சரி.

குழாயடியில் பெரிய பேசின்.
தேய்க்கத் தேய்க்கத் தட்டைப்பயறின் தோல்
கழன்று மிதக்கிறது,
யாரோ வெட்டிப்போட்ட நகம்போல.
"கறுப்புக் கண் ஒன்றுகூட இருக்கக் கூடாது,
அம்மா கண்டுபிடிச்சிடுவா"
என்கிறாள் மொரோலாயோ.
வயது ஏழு. இன்றைக்கு அவள்தான் மேஸ்திரி.
தெனியோலா ஒரே ஒரு பயறை உரித்துத்
தனிக் கிண்ணத்தில் வைத்துக் காவல் இருக்கிறாள்.
அடுத்ததை உரிக்க அவளுக்கு நேரமில்லை.

மிக்சி இரண்டு சுற்று சுற்றியது.
கரண்ட் போயிற்று.
அபெயோகுட்டாவின் எங்கள் தெரு மொத்தமும்
ஒரே மூச்சில் "ஓ" என்றது.
பாதி மாவும் பாதி முழியுமாய்ப்
பயறு என்னைப் பார்த்தது.
ஜெனரேட்டர் குடிக்கும் பெட்ரோலுக்கு
இன்னொரு படி பயறே வாங்கலாம்.

கொலாவோலே வாளியைத் தூக்கினான்.
தெருமுனையில் இயா இபேஜியின் அரவை எந்திரம்
புகை கக்கிக்கொண்டிருந்தது.
முன்னால் யாரோ மிளகாய் அரைத்துப் போயிருக்கிறார்கள்,
முதல் கை மாவு சிவந்து விழுந்தது.
"விடுங்கப்பா, மிளகாய்க் காசு மிச்சம்."
ஒன்பது வயதில் இவனுக்கு
எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு?

வெங்காயம், தத்தாஷே, கருவாட்டு வாசனையோடு இறால் பொடி,
மேலே செக்கச்செவேலென்று பனையெண்ணெய்.
ஆளுக்கு நூறு சுற்று கலக்க வேண்டும்.
எண்ணுகிறவன் கொலா.
தங்கைகளின் நூறு ஓட்டமாய் ஓடி முடிகிறது,
அவன் நூறு மட்டும்
அறுபத்தேழில் ஓய்வெடுத்து நடக்கிறது.

இனிதான் வில்லங்கம்.
வீட்டில் முட்டை இரண்டு.
துண்டு ஆறு, பொட்டலம் பதினொன்று.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம்,
மூன்று ஜோடிக் கண்களுக்கு முன்
முட்டையை மாவில் மறைக்க முடியாது.
ஒருத்தி இலை ஓரத்தைக் கடித்துவைத்தாள்.
ஒருவன் பால்பாயிண்ட் பேனாவால்
இலையின் முதுகில் கே எழுதினான்.
நான் எதையும் பார்க்கவில்லை.

என் பொட்டலங்கள் எல்லாமே ஒழுகின.
"காம்பை மடிங்கப்பா. இன்னும். இன்னும்."
கிள்ளிய காம்புகளைப் பானை அடியில் பரப்பி
அதன்மேல் அடுக்கினோம்.
மூடி போட்டேன்.
ஆச்சா என்றாள் தெனி.
ஆச்சா.
இப்போ?
பன்னிரண்டாவது ஆச்சாவில்
பேசின் பக்கத்திலேயே தூங்கிப்போனாள்,
கையில் அந்தப் பயறு.

எல்லாம் முடிந்த பிறகு கரண்ட் வந்தது.
"அப் நெப்பா!" என்று தெரு கூவியது.
கூச்சலோடு கூச்சலாய்
வெள்ளைச் சீருடையில் அவளும் வந்தாள்.

மூடியைத் திறந்தால்
பதினொன்றும் ஒரே பழுப்பு.
கே இல்லை. கடித்த தடம் சுருண்டு
எல்லா ஓரமும் கடித்ததுபோலவே இருந்தது.
குலுக்கல்தான்.
கொலாவுக்கு வெறும் பயறு, மறுபடியும் வெறும் பயறு.
மொரோலாயோவுக்கு ஒன்று.
தெனியின் ஒரே பொட்டலத்தில் இரண்டு
(எப்படி இரண்டு? யாரும் ஒப்புக்கொள்ளவில்லை).
அவள் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல்
பிரித்தாள், கிடைத்தது, பாதியைக் கிள்ளி
கொலாவின் தட்டில் போட்டாள்.
இன்னொன்று நாளைக்கென்று எடுத்துவைத்ததில் அகப்பட்டது.

ஐந்து.
ஆறாவது எங்கே என்று
படுக்கப் போகும்வரை விசாரணை நடந்தது.

பானை கழுவுகையில்
அடியில், காம்புகளுக்கு நடுவே,
ஒழுகிப்போன என் பொட்டலத்தின் பரிசு.
நீரில் வெந்து வெந்து ரப்பராகியிருந்தது.
சுற்றுமுற்றும் பார்த்தேன்.
நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு
குழாயைச் சத்தமாகத் திறந்தேன்.