வார ஓய்வு

ஆறு நாள் அறுபது பேரைச் சுமந்த முதுகு
ஏழாம் நாள் சைக்கிள் சீட்டில் ஏறி உட்காரும்.
'வண்டி ஓட்டி அலுத்த மனுசனுக்கு
ஓய்வுக்கும் ஒரு வண்டி' என்பாள் செங்கமலம்,
தண்ணீர் பாட்டிலை மூடித் தந்தபடி.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
ஷட்டர்களுக்குக் கீழே மாசி மாத மிச்சத் தண்ணீர்
மூன்றாகப் பிரியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
நான் கோரையாற்றுப் பக்கம்
கை காட்டித் திரும்பினேன்.
பின்னால் யாரும் வரவில்லை.

கரை ரோட்டுக்குத் தார் கிடையாது.
கப்பி கொட்டி, செம்மண் பரப்பி,
பணம் தீர்ந்த இடத்தில் ரோலரைத் திருப்பிக்கொண்டு போன ரோடு.
டயருக்கடியில் அது
வறுத்த அரிசி மெல்வது போலப் பேசும்.
ஒரு மைல் போனால்
நமக்கும் வாய் ஊறும்.

நிறுத்தம் இல்லை, சில்லறை இல்லை,
படியில் தொங்கும் பையன்கள் இல்லை.
இடது கால் மட்டும்
இல்லாத கிளட்ச்சை அவ்வப்போது மிதிக்கும்.
கட்டைவிரல் மணியைத் தேடும்.
மணியைக் கழற்றி
போன வருஷமே பரணில் போட்டாயிற்று.

தேக்குகளுக்கு வனத்துறை எண் எழுதியிருக்கிறது.
நானூற்றுப் பன்னிரண்டு.
நானூற்றுப் பதிமூன்று.
பதினான்கு, அடிக்கட்டை மட்டும்.
பதினைந்தில் ஒரு மரங்கொத்தி
எண்ணின் மேலேயே ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது.
உதிர்ந்த இலைகள் சக்கரத்தில் அப்பளமாய் நொறுங்கின.
காடு என்று சொன்னால் சிரிப்பார்கள்,
ஒற்றை வரிசைக் காடு.
நிழல் விழுகிற அகலம்தான் அதன் அகலம்.
சைக்கிளுக்கு அது தாராளம்.

மதகு தாண்டியதும்
ரோடு நகர்ந்து வந்தது.

வாத்துகள்.
ஆயிரம் இருக்கும், கூடவும் இருக்கலாம்.
கரையின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை
பழுப்பாய், சேறாய், ஒரே வாயாய்.

காலை ஊன்றி நின்றேன்.
ஆண்டு பதினெட்டில் முதல்முறையாக
எனக்கு எந்த நேரமும் தப்பிப்போகவில்லை.
ஒன்று என் செருப்பைக் கொத்திப் பார்த்தது.
ஒன்று முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே
புகுந்து போனது.

கடைசியில் கோலோடு வந்தவர்
வேடியப்பன், திருவண்ணாமலைப் பக்கம்.
'வயலெல்லாம் உளுந்து முளைச்சிருக்கு சார்,
உள்ளே இறங்கினா அடிக்க வராங்க,
அதான் கரையோடவே ஓட்டறோம்.'
எங்கிருந்து என்றேன்.
'கூத்தாநல்லூர்லேர்ந்து. பத்து நாளா நடை.'

கூத்தாநல்லூர் வளைவு எனக்குத் தெரியும்.
இரண்டு வாரத்துக்கு முன்,
ஏழு மணி ட்ரிப்,
பனியில் திடீரென்று பழுப்பாய் ஏதோ,
ஸ்டியரிங்கில் வந்து தொட்ட சிறு சிறு அதிர்வு.
கண்டக்டர் பின்னால் பார்த்துவிட்டு
'போ போ' என்றான்.
எத்தனை என்று
இருவரும் எண்ணவில்லை.

'நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?'
'ரைஸ்மில்லுல' என்றேன்.
அவர் தலையாட்டினார்.
கோலில் கட்டிய உரச்சாக்குப் பை காற்றில் படபடத்தது.
எத்தனை எண்ணிக்கை என்று கேட்க வாய் வந்தது,
எத்தனை குறைந்தது என்று கேட்பது போலிருந்ததால்
கேட்கவில்லை.

அப்புறம் நான்கு மைல்.
கப்பி முடிந்து கருவேலம் தொடங்குகிற இடத்தில்
தண்ணீர் குடித்தேன், திரும்பினேன்.

மதகுக்கு இந்தப் பக்கம்
சக்கரத் தடத்திலேயே ஒரு முட்டை கிடந்தது,
மேலே கொஞ்சம் எச்சம், வெயிலின் சூடு.
கரையின் இரு பக்கமும் பார்த்தேன்.
தூரத்தில் சத்தம்கூட இல்லை.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லுக்குக் கல் தூக்கிப் போடுகிற ரோடு.
இடது கையால் பையைப் பிடித்தபடி
ஒற்றைக் கையில் ஓட்டினேன்.
இத்தனை வருஷத்தில்
எந்தப் பயணியையும் இவ்வளவு மெதுவாகக்
கொண்டுவந்து இறக்கியதில்லை.

செங்கமலம் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
'வாத்து முட்டையா? எவ்வளவு கொடுத்தே?'

'இன்னும் கொடுக்கலை' என்றேன்.