பத்து மணிக்குள் திரும்பிவிடலாம்

மூன்று கிலோமீட்டர்தான் என்றேன்.
சிகப்பி ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டாள்.
என் ஓரகத்தி.
மினசோட்டாவிலிருந்து வந்து நாலு நாள்.
வீட்டுப் பங்குக்குக் கையெழுத்துப் போட வந்தவள்.
பத்து மணிக்குப் பதிவு அலுவலகம்.
அதுவரை பேச எதுவுமில்லை,
நடக்கலாம்.

கானாடுகாத்தானின் கடைசித் தெரு முடிந்த இடத்தில்
ஊரே முடிந்திருந்தது.
கருவேல மரங்களுக்கு இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை.
டிரான்ஸ்பார்மர் நின்ற இடத்தில்
ஒரு முனகல் மட்டும் நின்றது.
"தைப் பனி" என்றேன்.
"இதுவா?" என்றாள்.

அவள் ஊரில் பனிக்கு எடை உண்டாம்.
காரை மூடுமாம். கதவை அடைக்குமாம்.
வாரிக் கொட்ட மண்வெட்டி வேண்டும்,
வழுக்காமலிருக்க வாசலுக்கு உப்பு வேண்டும்.
மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று
நாம் சும்மா சொல்லிவைத்திருக்கிறோம்,
அங்கே நிஜமாகவே கூரையை இறக்கிவிடுமாம்.
(போன வருஷம் வாரும்போது முதுகு பிடித்து
மூன்று நாள் படுத்திருந்தாள்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.)
அதுவும் பனி, இதுவும் பனி.
ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை பேர்தான் குடித்தனம் நடத்துவது
என்று நினைத்தேன், சொல்லவில்லை.
வீட்டைச் சொல்வதாக எடுத்துக்கொள்வாள்.

தைலமரக் காட்டுக்குள்
ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது.
எனக்கு வழி தெரியும் என்று நான் சொன்னது
தெரிந்ததால் அல்ல.
வரிசை பிடித்து நட்ட மரங்கள்,
எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை.
இலை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக
மழையில்லாத மழைச் சத்தம்.
நனைந்த சருகை மிதித்தால்
யாரோ தலைவலித் தைலம் திறந்த வாசம்.

"அங்கே பனிக்கு வாசம் கிடையாது" என்றாள்.
"சத்தமும் கிடையாது. காட்டுக்குள் போனால்
காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை போவேன். தனியாக."
"தனியாகவா?"
"அவருக்கு முழங்கால்."
கொழுந்தனாருக்கு முழங்கால் என்பதும்
எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மயில் ஒன்று அகவியது,
எந்தப் பக்கமென்று இல்லாமல்.
இந்நேரம் முந்திரித் தோப்பு வந்திருக்க வேண்டும்.
ஊரணியாவது வந்திருக்க வேண்டும்.
வந்தது ஈரச் செம்மண்ணில் கால்தடம்.
"ஆள் போயிருக்கிறார்கள், பார்!"
எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பின்னாலேயே போனோம்.
ரெண்டு பேர்.
ஒருவருக்குச் செருப்பு, குதிகால் உள்பக்கம் தேய்ந்தது.
ஒருவருக்கு ஷூ, அடியில் சின்னச் சின்ன அம்புக்குறி.
அக்கம்பக்கமாக நடந்திருக்கிறார்கள்,
நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு.

பத்தடி போயிருப்போம்.
சிகப்பி நின்றாள்.
ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித்
தன் ஷூவின் அடியைப் பார்த்தாள்.
நான் என் செருப்பைப் பார்க்கவில்லை.

அவள்தான் முதலில் சிரித்தாள்.
பிறகு எனக்கு நிற்கவே இல்லை,
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.
"உன்னை நம்பி வந்தேன்" என்றாள்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில்
முதல் தடவையாக "உன்னை".

தூரத்தில் ஏதோ ஒரு ரயில் ஊதியது.
"ஸ்டேஷன் அந்தப் பக்கம்!"
இரண்டு பேரும் கையை நீட்டினோம்,
ஆளுக்கொரு திசையில்.
அவள் கை காட்டிய பக்கம் போனோம்.
நூறடியில் தார் ரோடு.
இவ்வளவு நேரமும் இங்கேயேதான் இருந்திருக்கிறது.
எக்ஸெல்லில் பால் கேனோடு வந்தவர்
வேகத்தைக் குறைத்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.
"எங்கேயிருந்து வர்றீங்க?"
"தெரியல" என்றாள் சிகப்பி.

வீட்டுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்து
விளக்குமாற்றுக் குச்சியால்
அம்புக்குறிகளுக்குள் அப்பிய மண்ணைக்
கிளறிக் கிளறி எடுத்தாள்.
"ஏர்போர்ட்டில் கேட்பான்,
மண் ஏதாவது ஒட்டியிருக்கா என்று."
சிவப்பாக உதிர்ந்தது,
யார் பங்கில் வருமென்று
பத்து மணிக்குப் பிறகு தெரியப்போகிற படியில்.
இன்னொரு குச்சியை உருவிக்கொண்டு
மற்ற ஷூவை நான் வாங்கினேன்.
மணி எட்டே முக்கால்.