மூச்சு விடு

எட்டு.
தினமும் காலை ஆறரைக்கு எட்டு.
ஐந்துக்குக் கீழே போட்டால் பெயர் சிவப்பாகும்,
சிவந்த பெயருக்கு பெஞ்சுதான் என்று
ஆப் வந்த அன்றைக்கே பேச்சு.
பத்து போட்டால் பொய் என்று தெரிந்துவிடும்.
தூக்கம் நன்று, பசி நன்று, முழங்கால் நன்று.
பனியன் கம்பெனியில் அம்மா பீஸ் அடுக்குகிற வேகத்தில்
தட்டி முடித்துவிடுவேன்.

நேற்று கோபியில் கடைசி ரெய்டு.
இரண்டு பாயிண்ட் பின்னால்.
கோட்டைத் தாண்டியதும் பாட்டு நின்றது.
யாரும் என்னைத் தொடவில்லை.
வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.
விசில் ஊதிய நடுவரைப் பார்க்க
ஏனோ பாவமாக இருந்தது.

குன்னத்தூரில் வேன் நின்றது.
என் டீக்கும் ஜமீலா காசு கொடுத்தாள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரவைக்கு திருப்பூர் ஹாஸ்டலில் போன் கேட்டது:
வணக்கம் கிருத்திஷா, எப்படி உணர்கிறீர்கள்?
எங்கள் பக்கம் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.
சாப்ட்டாச்சுங்களா என்பார்கள்,
வாடிப் போயிட்டே என்பார்கள், அதோடு சரி.
எண்ணுக்குக் கீழிருந்த காலிக் கட்டத்தில்
முதல்முறையாக எழுதினேன்:
பொக்குனு இருக்குதுங்க.

இந்தச் சொல் எனக்குப் புரியவில்லை.
வேறு விதமாகச் சொல்ல முடியுமா?

சொன்னேன்.
சோளக்கதிரை உரித்தால்
உள்ளே மணியே இல்லாத மாதிரி.
ஆபரேஷனுக்குப் பொறகு அந்த வெள்ளைக் கோடு
என் காலைப் பார்க்கிற மாதிரி.
அழிக்கப் போய், அழிக்கவில்லை.

நீல வட்டம் ஒன்று வந்தது.
விரியும்போது மூச்சை இழு,
சுருங்கும்போது விடு.
முப்பது விநாடி விடாமல் இருக்கத்தான்
ஏழு வருஷம் மேட்டில் புரண்டேன்.
விட்டால் அவுட்.
வட்டம் சுருங்கியது. நான் விடவில்லை.
மறுபடி விரிந்தது. அதற்கு அவசரமில்லை,
பாயிண்டும் எண்ணவில்லை.
மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ
என்னவோ வெளியே போனது.
மூச்சு மாதிரிதான் இருந்தது.

எதிர்க் கட்டிலில், போர்வைக்குள்ளே,
இன்னொரு நீல வெளிச்சம்.
எங்கள் லெஃப்ட் கார்னர்.
நானெல்லாம் ஒன்பது போடற ஆளு என்று
முந்தாநாள் சிரித்தவள்.
விரிகிறது, சுருங்குகிறது,
என்னுடையதற்கு அரை மூச்சு பின்னால்.

மூன்றுக்கு இழுத்து வைத்தேன்.
அனுப்பு என்பதன் மேல் விரல் நின்றது.
ஜமீலா, என்றேன்.
வெளிச்சம் சட்டென்று அணைந்தது.
ஜமீலா,
சித்த தள்ளிப் படு.